உலகம்மா இனி குனியலாம்

நீங்க எந்திரிச்சு எடம் குடுத்திருக்க வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கும் அறுவது இருக்கும்லா? இருக்கும், நரையப் பாத்தாலே தெரியுது. அறுவது வயசு ஆம்பள கம்பியப் பிடிச்சுத் தொங்க, என் வீட்டுக்காரி சன்னல் பக்கம் உக்காந்து காத்து வாங்குதா. அவளுக்குக் காலுல ஒரு கோளாறும் கெடையாது, பாத்துக்கிடுங்க. கண்ணுதான. கண்ணுக்கும் நிக்கதுக்கும் என்ன சம்பந்தம்? கறுப்புக் கண்ணாடிய மாட்டிட்டாப் போதும், பஸ்ஸுல உள்ளவன் பூராவும் எந்திரிச்சிருதான்.

அந்தா, பேட்டையில ரெண்டு பேரு எறங்குதான். வாங்க, நாம அங்கன உக்காருவோம். அவ இருக்கட்டும், அவ எங்க போயிருவா?

நான் ஆவுடையப்பன். பாவூர்சத்திரத்துல எறங்கி 'பி.டி. சார் வீடு எது'ன்னு கேளுங்க, கைப்பிள்ளகூடக் காட்டும். சர்வீஸ் முழுக்க ஒரே பள்ளிக்கூடம். ஒரு நா லீவு போட்டதில்ல. காய்ச்சலோட ஓடியிருக்கேன், கால்ல ஆணி குத்தி ஓடியிருக்கேன். எங்கம்ம செத்த அன்னைக்குக்கூட கிரவுண்டச் சுத்த வேண்டிய சுத்த சுத்திட்டுத்தான் போயி விழுந்து கும்பிட்டேன். ஒடம்புங்கது என்ன தெரியுமா? கள்ளப் பய. நீ கேட்டா அது ஓய்வுதான் கேக்கும். கேக்கப்பிடாது. சொல்லணும்.

நான் சொல்லுததக் கேட்டுட்டு நீங்களே நாயத்தச் சொல்லுங்க. ஊர்ல ஒரு பயலும் முழுசாக் கேக்க மாட்டேங்கான். பாதியிலயே மொகத்தத் திருப்பிக்கிடுதான்.

இவளுக்குக் கண்ணுல பிரஷரு. குளுக்கோமாங்கான். ரத்தத்துல பிரஷரு, கேட்டிருக்கோம். குக்கர்ல பிரஷரு, அதுவும் சரி. கண்ணுல என்னவே பிரஷரு? வலது கண்ணு எப்பப் போச்சுன்னு இவளுக்கே தெரியாது. வலி இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நா முத்தத்துல நெல்லுப் பொடைக்கையில எடது கண்ணுல உமி விழுந்துட்டு. கையால பொத்துனா. பொத்திக்கிட்டு, "ஏங்க, கரண்டு போயிட்டா?"ன்னு கேட்டா. பட்டப்பகல்ல! முத்தத்துல நின்னுக்கிட்டு! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

பொறவு இவ தம்பிக்காரன், காந்திமதிநாதன்னு பேரு, அவன்தான் கூட்டிட்டு அலைஞ்சான். வலது கண்ணு போனது போனதுதான், திரும்பாதுன்னுட்டான். இருக்க ஒத்தக் கண்ணையாவது காப்பாத்தணும்னா ஆபரேசன் பண்ணணும்னான். கண்ணுக்குள்ள ஊறுத தண்ணி வெளிய போறதுக்கு வழி அடைச்சுக் கெடக்காம். மேல எமைக்கு உள்ள சின்னதா ஒரு வடிகால் வெட்டி விடுவாங்களாம். வாய்க்கா மராமத்து மாதிரி. சரி வெட்டிக்கோன்னேன். நான் எதுக்கும் குறுக்க நிக்க ஆளு இல்ல.

வெட்டுனது யாரு? ஒரு சின்னப் புள்ள. எங்கிட்ட ஓட்டப்பந்தயம் ஓடுன புள்ளைக வயசு இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது உக்கார வச்சுப் பாடம் எடுக்கா. குனியக் கூடாதும்மா. பாரம் தூக்கக் கூடாதும்மா. முக்கக் கூடாதும்மா. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதும்மா, கண்ணுக்குள்ள ஒரு சொட்டு போவக் கூடாதும்மா. பைய வீட்டுக்குள்ள நடங்க, தெருவுல நடங்க, மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா நான் சொன்ன பொறவு. கண்ணு செவந்தாலோ வலிச்சாலோ பீளை தள்ளுனாலோ அன்னைக்கே ஓடி வந்துரணும், மறுநா பாத்துக்கிடலாம்னு இருந்துராதீங்க. இத மட்டும் ரெண்டு தடவ சொன்னா. பொறவு எங்க ஊரு பேரப் பாத்துட்டு நிமிந்து என்னையப் பாக்கா. "பாவூர்சத்திரமா? குத்தாலம் பக்கத்துல இருக்குல்லா? அருவிப் பக்கமே போயிரக் கூடாது சார்"ங்கா.

எனக்குச் சுருக்குன்னு தச்சிட்டு. குத்தாலத்துத் தண்ணியப் பத்தி எனக்குச் சொல்லுதா. ஏசியில பொறந்து ஏசியில வளந்தவ! மலையில உள்ள மூலிகையெல்லாம் நனைஞ்சு எறங்கி வார தண்ணி அது. கோட்டி பிடிச்சவனக் கொண்டாந்து நிப்பாட்டுனா தெளிஞ்சு போறான். கண்ணு எம்மாத்திரம்? ஆனா சரிம்மான்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். பேசி என்ன?

வீட்டுக்கு வந்தா மகாராணி. கட்டுல்ல உக்காந்துக்கிட்டு இருக்கா. காந்திமதிநாதன் பொண்டாட்டி தூக்குச் சட்டியில சோறு அனுப்புதா, உப்பு இல்லாம. சொட்டு மருந்து ஊத்த காந்திமதிநாதன் காலையிலயும் வாரான், சாயங்காலமும் வாரான். வந்தா, "அக்கா எப்படி இருக்க?" நான் ஒருத்தன் நடு வீட்டுல மரம் மாதிரி நிக்கேன், "அத்தான் சாப்பிட்டியளா"ன்னு ஒரு வார்த்த கெடையாது.

வடிகால் வெட்டும்போதே புரையையும் எடுத்துட்டாங்களாம், கட்டு அவுத்த பொறவு பார்வை நல்லா வந்துட்டு. அத ஏன் கேக்கிய. இவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாரப் பத்திரிகையில குறுக்கெழுத்துப் போடுவாம்லா, கட்டம் கட்டமா? அது. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தச் சனியன்தான். அடுப்புல கொழம்பு பொங்கும், இவ 'மூணு எழுத்துல ஒரு ஆறு'ன்னு யோசிச்சுக்கிட்டு நிப்பா. ஆபரேசனுக்கு முந்தி கட்டம் சரியாத் தெரியலன்னு விட்டிருந்தா. இப்பத் தெரிஞ்சுட்டாம். ஒரு பக்கத்த முழுசா முடிச்சிட்டு, புஸ்தகத்த நெஞ்சோட வச்சுக்கிட்டு அழுதா பாருங்க. சந்தோசத்துலயாம். எனக்கு எரிச்சலா வந்துது. கட்டம் போட முடியுது, கோலம் போட முடியாதா? பேனா தூக்க முடியுது, குடம் தூக்க முடியாதா?

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவள இப்படியே விட்டா கட்டுலோட ஒட்டிப் போயிருவா. சொட்டு மருந்து நானே ஊத்திக்கிடுதேன், நீ சும்மா சும்மா வர வேண்டாம்னு காந்திமதிநாதன்ட்டச் சொல்லிட்டேன்.

மறுநா காலையில எழுப்பி, வாசல்ல சாணி தெளிச்சுக் கோலம் போடச் சொன்னேன். குனிஞ்சு நிமிர, குனிஞ்சு நிமிர, அத விட ஒசந்த உடற்பயிற்சி உலகத்துல உண்டா? "டாக்டரம்மா குனியக் கூடாதுன்னாங்களே"ன்னா. "டாக்டரு உனக்கு மாப்பிள்ளையா, நான் மாப்பிள்ளையா?"ன்னேன். போட்டா. ஒரு வரிசை கோணிப் போச்சு. அழிச்சிட்டுத் திரும்பப் போடுன்னேன். எதையும் அரைகுறையா விட்டா எனக்குப் பிடிக்காது. பொறவு தெருக் குழாயில ஒரு கொடம். பொறவு ரெண்டு. பொறவு பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம். தலைகீழா நிக்கச் சொன்னேனா? சொல்லல. எனக்குத் தெரியாதா? அளவு தெரிஞ்சவன் அண்ணாச்சி நான்.

அவளும் செஞ்சா. பல்லக் கடிச்சுக்கிட்டு, ஒரு கையால அந்தக் கண்ணப் பொத்திக்கிட்டு செஞ்சா. கைய எடுடின்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு.

நடுவுல ஒரு தடவ காட்டப் போனோம். அந்த டாக்டர்ப் புள்ள பாத்துட்டு, "பிரஷர் நல்லா எறங்கியிருக்கும்மா, ரொம்ப ஜாக்கிரதையா இருந்திருக்கீங்க, இப்படியே இருங்க"ன்னு சிரிக்கா. எனக்கு உள்ளுக்குள்ள பூரிப்பு. யாரால எறங்குச்சு? இவ வாயத் தொறந்தா, "இல்ல டாக்டரம்மா, வீட்டுல..."ன்னு. நான் முழங்கையப் பிடிச்சு ஒரு நெருக்கு நெருக்குனேன். "டாக்டருக்கு நேரமாவுது, வா"ன்னு கூட்டிட்டு வந்துட்டேன். வெளிய இன்னும் எத்தன பேரு உக்காந்திருக்கான். அடுத்தவன் நேரத்த மதிக்கணும்லா?

சீசன் வந்துட்டு. இந்த வருசம் சாரல் எப்படி அடிச்சுதுன்னு பாத்திருப்பிய. எங்க ஊர்ல நடைபயிற்சிக் குழுன்னு ஒண்ணு வச்சிருக்கோம், நான்தான் தலைவரு. அருவியில நல்லாத் தண்ணி விழ ஆரம்பிச்சா, மொத ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டம்மாரோட ஒரு வேன் பிடிச்சுப் போயிக் குளிச்சிட்டு வாரது. வருசா வருசம் உண்டு. தலைவர் பொண்டாட்டி வரலன்னா எப்படி இருக்கும்? அதுக்கு முந்தியே குழுவுல ஒவ்வொருத்தனும் கேக்கான், "என்ன சார், வீட்டம்மாவ வெளியவே காணும்?"ன்னு. சீக்காளி வச்சிருக்கவன் பேச்சுக்கு எவன் நடப்பான்?

இவ வரலன்னா. அழுதா. கையெடுத்துக் கும்பிட்டா, நெசமாவே கும்பிட்டா. "ஏங்க, இந்த ஒண்ணு மட்டும் வேண்டாங்க. எனக்கு இருக்கதே இது ஒண்ணுதாங்க"ன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு, இல்லங்கல. ஆனா எரங்குனா கெட்டுது. எத்தன புள்ளைக எங்கிட்ட இப்படி அழுதிருக்கு! உச்சி வெயில்ல ஓட முடியாதுன்னு அழுவும், ஓட விட்டா ஓடும். பயம் அண்ணாச்சி, எல்லாம் பயம். பயத்த அடிச்சு வெரட்டணும்.

போனோம். தலையில நானே எண்ணெ வச்சேன், கேட்டுக்கிடுங்க. நானே. இந்தக் கையால உச்சியில வச்சுத் தேய்ச்சு விட்டேன். கல்யாணமாயி இத்தன வருசத்துல அவளுக்கு எண்ணெ தேச்சு விட்டதில்ல. எத்தன ஆம்பள செய்வான்?

அருவியில பொம்பளைக்குத் தனிப் பக்கம், ஆம்பளைக்குத் தனிப் பக்கம். அதான் சிக்கல். கூடப் போயி நிக்க முடியாது. இவளத் தெரியாதா எனக்கு? ஓரமா நின்னு கால நனைச்சிட்டு வந்து குளிச்சாச்சும்பா. அதனால ஈரச் சேலையோட நின்ன ரெண்டு பொம்பளைகளக் கூப்பிட்டேன். நல்ல தாட்டியமான பொம்பளைக, மதுரைப் பக்கம்னாங்க. "தாயி, எங்க வீட்டம்மா பயந்த சுபாவம். கொஞ்சம் தலைய நல்லா உள்ள விட்டு நிப்பாட்டுங்க"ன்னேன். "அதுக்கென்ன அண்ணே, நாங்க பாத்துக்கிறோம்"னு ஆளுக்கு ஒரு கையப் பிடிச்சாங்க. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. முன்னப் பின்னத் தெரியாதவங்க.

நான் இந்தப் பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டே நிக்கேன். கொண்டு போயி நேரா கொட்டுத எடத்துல நிப்பாட்டிட்டாங்க. இவ ரெண்டு கையையும் உருவி மூஞ்சியப் பொத்துதா. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கைய எடுத்து விடுதா. இவ திரும்பப் பொத்துதா. இன்னொருத்தி பின்னால நின்னு தலையப் பிடிச்சு நிமித்துதா. இவ வாயத் தொறந்து என்னமோ கத்துதா. அருவிச் சத்தத்துல என்ன கேக்கும்? சுத்தி உள்ள பொம்பளையெல்லாம் ஒரே சிரிப்பு. சீசன்ல மொத மொத நனையுதவ எல்லாரும் கத்தத்தான செய்வா? நானும் இங்கனேருந்து, "அப்படித்தான்! விடாதீங்க! இன்னும் கொஞ்சம்!"னு கையத் தட்டுதேன்.

நல்லா ஆசை தீரக் குளிப்பாட்டித்தான் அனுப்புனாங்க.

வேன்ல வரும்போது சேலைத் தலப்ப வச்சு அந்தக் கண்ண ஒத்திக்கிட்டே வந்தா. எங்க ஆளுகள்ட்ட சொன்னேன், "பாத்தியளா, ஆபரேசன் பண்ணவளக் கூட்டிட்டு வந்து அருவியில நிப்பாட்டியாச்சு"ன்னு. கை தட்டுனாங்க. ஒண்ணு ரெண்டு பேரு தட்டல. அது பொறாமை.

அடுத்தாப்ல கண்ணு செவந்துட்டு. செவக்கத்தான செய்யும்? உள்ள இருக்க கசடெல்லாம் தள்ளுதுன்னேன். பீளை வந்துது. "தள்ளுது, தள்ளுது, பொறு"ன்னேன். ஒரு நா காலையில எந்திரிச்சு, "வலி பொறுக்க முடியலங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"ங்கா. அன்னைக்குப் பாத்து எனக்குப் பாளையங்கோட்டையில மூத்தோர் தடகளப் போட்டி. வருசம் முழுக்கப் பழகியிருக்கேன். வந்து பாப்போம்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். என் போனு சார்ஜு நிக்காது, அதனால அவ போன எடுத்துட்டுப் போனேன். நேரம் பாக்கணும்லா ஓட்டத்துக்கு. அதுக்குத்தான் அந்தக் காந்திமதிநாதன் ஊரு பூரா சொல்லிக்கிட்டு அலையுதான், "அக்கா எனக்குப் போன் பண்ணிரக் கூடாதுன்னு போனப் பிடுங்கிட்டுப் போயிட்டான் பாவி"ன்னு. நாக்கு அழுவிரும் அவனுக்கு. நான் ஏன் பிடுங்கப் போறேன்?

ரெண்டாவது வந்தேன் அண்ணாச்சி. என்ன விடப் பத்து வயசு கம்மியானவன் மூணாவது. சாயங்காலம் மெடலோட வீட்டுக்குள்ள நொழைஞ்சா, சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருக்கா, கண்ணு மேல ஈரத்துணி. துணிய எடுத்துட்டு, "பாருட்டி"ன்னு மெடல மூஞ்சிக்கு நேரா பிடிச்சேன். கைய நீட்டி வாங்கி, தடவித் தடவிப் பாக்கா. "நல்லா இருக்கா?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியலைங்க"ன்னா. அப்பக்கூட நான் என்ன நெனச்சேன்? மொகங்கோணிக்கிட்டுச் சொல்லுதான்னு நெனச்சேன். ஒரு மெடல் வாங்கிட்டு வந்தவன்ட்ட சொல்லுத பேச்சா அது?

அப்பத்தான், அக்காவப் பாத்து நாளாச்சுன்னு தூக்குச் சட்டிய எடுத்துக்கிட்டு காந்திமதிநாதன் வாரான். வந்து பாத்தவன் அலறிட்டு, அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனான். அந்த வடிகால் வழியா அருவித் தண்ணி உள்ள போயி சீழ் பிடிச்சுட்டாம். கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்க, என்னென்னமோ பண்ணாங்க. அந்த டாக்டர்ப் புள்ள என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலாவது சரி. அத்தன நோயாளிக்கும் நர்சுக்கும் முன்னால வச்சு, "சார், நான் உங்க ஊரப் பாத்துட்டுத்தான சொன்னேன்? சொன்னேனா இல்லையா?"ன்னு கத்துதா. கத்துதவ கண்ணுல தண்ணி. மருவாத தெரியாத புள்ள. வாத்தியாருன்னு ஒரு இது வேண்டாம்? அன்னைக்கு எனக்குத் தலையில அடிச்ச மாதிரி ஆயிட்டு. இன்னைக்கு வரைக்கும் அது ஆறல.

ஏன் அண்ணாச்சி அவ பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்கிய? அவளுக்கு ஒண்ணும் வேண்டாம். கேட்டா சொல்லுவா.

தம்பிக்காரன் வந்து, "அக்கா, எங்கூட வந்துரு"ன்னு கூப்பிட்டான். மாட்டேன்னுட்டா. என்ன சொன்னா தெரியுமா? "உன் வீடு எனக்குப் பழக்கமில்லப்பா. இங்கன்னா எந்தச் சுவரு எங்க இருக்குன்னு தெரியும்"னா. என்ன இருந்தாலும் கட்டுனவன விட்டுப் போவ மனசு வருமா? அந்தப் பாசம் இருக்கு. இல்லங்கல. குறுக்கெழுத்துச் சனியனும் ஒழிஞ்சுது, அதுவும் ஒரு நல்லதுதான். பழைய புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். எங்க வச்சேன்னு ஒரு நா தடவிக்கிட்டுக் கெடந்தா. பொறவு தேடல.

இன்னைக்குக் கதைதான் பெரிய கதை. கேளுங்க, அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். இன்னைக்குக் காட்டப் போனோமா. அதே டாக்டர்ப் புள்ள. விளக்க அடிச்சு அடிச்சுப் பாத்தா. "வெளிச்சம் தெரியுதாம்மா? இப்ப? இப்ப?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இவ இல்ல, இல்லங்கா. அந்தப் புள்ள விளக்க அணைச்சு வச்சுச்சு. பொறவு, "சொட்டு மருந்தெல்லாம் நிறுத்திரலாம்மா"ன்னா. இவ பைய கேட்டா, "அப்ப நான் குனியலாமா டாக்டரம்மா?" "குனியலாம்மா." "பாரம் தூக்கலாமா?" "தூக்கலாம்மா." "தலைக்கு ஊத்தலாமா?" "ஊத்தலாம்மா." "இனி எதுக்கும் பயப்பட வேண்டாமா?" "வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டு, இவ கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

குனியாம? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னைப் பாப்பா? இதத்தான நான் மொத நாளே சொன்னேன்? குனியலாம், தூக்கலாம், குளிக்கலாம்னு நான் சொன்னா நான் பாவி. அதையே இவ்வளவு நாள் கழிச்சு அவ வாயால சொன்னா அது வைத்தியம். எனக்கு நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் இருந்துச்சு. போனாப் போவுது, சின்னப் புள்ளன்னு விட்டுட்டேன். ஜெயிச்சவன் பேசப்பிடாது.

பாவூர்சத்திரம் வந்துட்டு போலுக்கே. ஏட்டி உலகம்மா, எந்திரி! ஸ்டாப் வந்தாச்சு. கம்பியப் பிடி. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.

வேண்டாம் அண்ணாச்சி, அந்தப் பையி அரிசிப் பையி, கனம். நீங்க எதுக்குத் தூக்குதிய? அவகிட்டக் குடுங்க. அட, குடுங்கங்கேன். டாக்டரே சொல்லியாச்சுல்லா.